உபயகாரன்

அவன் பேரை இங்கே எழுதமாட்டேன். எழுதத் தெரியாமல் இல்லை. நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் நாலைந்து பேர்களில் அவன் பேரும் ஒன்று. அந்தப் பேருக்காகவே வாழ்ந்தவன் செத்து இரண்டு வருஷமாகிறது. நானும் ஒரு தடவை அதை அச்சில் போட்டு அவன் ஆசையை நிறைவேற்ற வேண்டியதில்லை. என் கூடப்பிறந்த தம்பி என்று மட்டும் தெரிந்தால் போதும். ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தோம். அதே தோட்டத்தில்தான் அவனைப் புதைத்தோம்.

செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்கிறேன். பந்தியில் நன்றாகப் பரிமாறுவான். கை நடுங்காது. சாம்பார் இலையை விட்டு வெளியே ஓடாது. எனக்குத் தெரிந்து நல்லது இவ்வளவுதான்.

கொடுக்கிற மனுஷன் என்று தோட்டம் முழுக்க அவனுக்குப் பேச்சு இருந்தது. பொய்யில்லை, கொடுத்தான். ஆனால் பார்க்க ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் அவன் கை ஒரு நெருப்புக்குச்சிகூடத் தந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பிஸ்கட் கொடுத்த காலத்திலேயே நான் அதைக் கண்டேன். தோட்டத்துத் துரை பள்ளிக்கூடம் பார்க்க வந்த அன்று, தன் பிஸ்கட்டைப் பக்கத்துப் பையனுக்கு நீட்டினான். துரை தலையைத் தடவிவிட்டுப் போனார். துரையின் ஜீப் திரும்பியதும், தண்ணீர்ப் பீலிக்குப் பின்னால் அந்தப் பையனைச் சுவரோடு சாய்த்து, பாதி தின்ற பிஸ்கட்டைப் பிடுங்கித் தானே தின்றான். எனக்கு அப்போது பத்து வயது. தம்பி என்பதால் வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

வளர்ந்த பிறகு கொடுப்பதற்கென்று ஒரு சடங்கே வைத்திருந்தான். முதலில் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை சீவுவான். பிறகு ஒரு தரம் செருமுவான். நாலு பேர் திரும்பிய பிறகுதான் மடிப்புக் கலையாத புது நோட்டுகளை எடுத்து விசிறி மாதிரி விரித்துப் பிடிப்பான். சாவு வீட்டில் மைக்செட் அவன் செலவு. கோயில் மணி அவன் செலவு, மணியில் பேர் வெட்டியிருக்கும். "குடுத்தவன் பேரு நிக்கணும்க்கா. இல்லாட்டி குடுத்து என்னா பிரயோசனம்?" என்பான். நான் வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

அவனுக்கு வாய்த்த மனைவி மகேஸ் நல்ல பெண். கொழுந்து பறிப்பதில் அவள் கைக்கு எங்கள் டிவிஷனில் ஈடு கிடையாது. கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். கல்யாணத்தைப் பதியவில்லை. தோட்டத்தில் அப்போது பலர் பதிவதில்லை. ஒரு பெண்பிள்ளை பிறந்தது, கௌசி என்று கூப்பிடுவோம். பிள்ளை பிறந்ததும் பதுளை ஆஸ்பத்திரி வார்டு முழுக்கத் தொதல் இனிப்புக் கொடுத்தான். பிறப்புப் பதிவுக்குத் தானே போய், தகப்பன் என்ற இடத்தில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டான். கையெழுத்தைப் பதிவாளர் மெச்சினாராம். ஒரு மாதம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்தக் கையெழுத்து பின்னால் எதற்கு உதவப் போகிறது என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும்தான் தெரியாது.

அந்தப் பிள்ளைக்கு நாலு வயதாகும்போது வீட்டை விட்டுப் போனான். இன்னொரு பெண்ணோடு போனான் என்றால்கூட ஒரு காரணம் என்று சொல்லலாம். இவன் சும்மாவே போனான். மேல் டிவிஷனில் கொஞ்சம் நிலம் பிடித்து லீக்ஸும் போஞ்சியும் போட்டிருந்தான். அங்கேயே ஒரு குடிலில் தங்கிவிட்டான். வாரத்துக்கு இரண்டு தடவை மரக்கறி லொறி வந்து ஏற்றிப்போகும். தோட்ட வேலைக்கு அரைநாள் வருவான், அதை நாங்கள் அரைப்பேர் என்போம். பத்து பதினொரு மணிக்கு மேல் மலையில் அவனைக் கண்டவர்கள் இல்லை. கையில் காசு இருந்தது. வீட்டுக்குத்தான் வரவில்லை. நாலு சுவருக்குள் பெண்டாட்டி கையில் அரிசிக்குக் கொடுத்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? அவனுக்கு அது வீண் செலவு.

மகேஸ் முதலில் தோட்டத் தலைவரிடம் போனாள். எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டி வழக்கு முதலில் தொழிற்சங்கத் தலைவரிடம்தான் போகும். தலைவர் கோயில் வாசலில் கூட்டம் கூட்டினார். அவனுக்குக் கேட்கவா வேண்டும். தலை சீவிக்கொண்டு வந்தான். ஒரு பெரிய பால்மா டின்னும் ரோஸ் நிறத்தில் ஒரு கவுனும் கொண்டு வந்து, எல்லார் முன்னாலும் பிள்ளையின் கையில் கொடுத்தான். யாரோ போனில் படம் எடுத்தார்கள். கிழவிகள் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். "பாத்தியா, எவ்வளவு பாசம்" என்று தலைவர் மகேஸைத்தான் கடிந்துகொண்டார். கவுன் பிள்ளைக்கு இரண்டு வயசு சின்னது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஒன்றும் வரவில்லை. மகேஸ் கேட்டால், "அதான் ஊர் பாக்கக் குடுத்தேனே" என்று திருப்பி அனுப்புவான்.

மகேஸின் ஒற்றைக் கூலியில் கடைக்காரனுக்குக் கொடுத்தது போக ஒன்றும் மிஞ்சாது. அந்த நேரத்தில்தான் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் ஒருத்தன் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு வர ஆரம்பித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகேஸ் என் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்து உட்கார்ந்தாள். கையில் பாஸ்போட் அளவுப் படங்கள் ஆறு. பதுளையில் எடுத்திருக்கிறாள்.

"அண்ணி, ரெண்டு வருஷம்தான். கௌசிய நீங்க பாத்துக்குவீங்களா?"

 எங்கள் லயத்தில் மட்டும் அப்படித் தாய் போன வீடு மூன்று இருந்தது. அந்தப் பிள்ளைகள் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து பஸ் வரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எனக்குப் பாரமில்லை. அவன் புது நோட்டை விசிறிக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்க, இவள் ஏன் கடல் தாண்ட வேண்டும்? படங்களை வாங்கி அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். நாளைக்குப் பதுளைக்குப் போவோம், அதற்குப் பிறகும் போக வேண்டியிருந்தால் நானே பஸ் ஏற்றி விடுகிறேன் என்று சொன்னேன்.

போலீசில் கேட்டோம். இது கோர்ட் விஷயம் என்றார்கள். கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே, காசில்லாதவர்களுக்காக வழக்குப் பேசும் சட்ட உதவி அலுவலகம் இருந்தது. இத்தனை வருஷம் அந்த வாசலைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன், அது எங்களுக்கான வாசல் என்று யாரும் சொன்னதில்லை. உள்ளே யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி, லோயர், கண்ணாடி போட்டவள். மகேஸின் சம்பளத் துண்டைப் பார்த்தாள். கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் காசு ஒன்றும் கட்ட வேண்டியதில்லை என்றாள்.

கல்யாணம் பதியவில்லை என்று மகேஸ் தலை குனிந்தபடி சொன்னாள். தம்பியும் அதைத்தான் சொல்லித் திரிந்தான், பதியாத கல்யாணத்துக்குக் கோர்ட் இல்லை என்று. லோயர் பிள்ளை கௌசியின் பிறப்புச் சான்றிதழை விரித்து, அந்தப் பெரிய கையெழுத்தின் மேல் பேனாவை வைத்தாள். பெண்டாட்டிக்குக் கேட்பதென்றால் கல்யாணத்தைக் காட்ட வேண்டும், பிள்ளைக்குக் கேட்பதற்குத் தகப்பனைக் காட்டினால் போதும் என்றாள். எவ்வளவு கிடைக்கும் என்று நான் கேட்டேன்.

"இவ்வளவுதான் எண்டு எழுதி வச்ச பட்டியல் ஒண்டும் இல்லை, அம்மா. பிள்ளைக்கு என்ன செலவு, தாய்க்கு என்ன வருமானம், தகப்பனுக்கு என்ன வருமானம், எல்லாத்தையும் நீதவான் பாப்பார். அந்தாள் உழைக்கிறதுக்கு ஏதும் ஆதாரம் இருக்கோ?"

தோட்டக் கணக்கில் அவனுக்கு அரைப்பேர்தான் இருந்தது. மரக்கறிக்கு ரசீது கிடையாது. லொறிக்காரன் கையில் கொடுப்பான், இவன் பையில் போடுவான். லோயர் பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"சரி, செலவழிக்கிறதையாவது ஆரும் கண்டிருக்கினமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரும் காணாம அவன் செலவழிச்சதே இல்லைங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காம்பராச் சுவர் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நோட்டீஸ் அடிப்பார்கள். மேலே அம்மன் படம். கீழே பத்து நாள் பூசையும், எந்தப் பூசை யார் உபயம் என்று கொடுத்தவர்களின் பேரும். அம்மன் படம் இருப்பதால் அதைக் கிழிக்கமாட்டோம், அடுப்பில் போடமாட்டோம். மாப்பசை தடவிச் சுவரில் ஒட்டிவிடுவோம். என் அடுப்புக்கு மேலே மூன்று வருஷத்து நோட்டீஸ் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இருந்தது. மூன்றாம் நாள் பூசை முழு உபயம், அவன். தேர் அலங்காரம், அவன். பத்தாம் நாள் அன்னதானம், அவன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கே மனப்பாடம்.

அன்று பின்னேரம் மகேஸும் நானும் கறிக்கத்தியால் அவற்றைச் சுரண்டி எடுத்தோம். அம்மன் முகத்தில் கீறல் விழாமல் எடுக்க வெகுநேரம் பிடித்தது. சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. கும்பிட்டுவிட்டுத்தான் பைக்குள் போட்டேன்.

வழக்கு நாள் அன்று அவன் வந்த கோலத்தைப் பார்க்க வேண்டும். தோள்பட்டை கிழிந்த சட்டை, ஒரு காலில் ஒரு செருப்பு, மறு காலில் வேறு செருப்பு. அந்தச் சட்டையை எங்கே தேடிப் பிடித்தானோ, அவனுடையது இல்லை, கை முழங்கைக்கு மேலே நின்றது. ஆனால் துணைக்குக் கோயில் கமிட்டியார் மூன்று பேரை வெள்ளை வேட்டியோடு கூட்டி வந்திருந்தான். நல்ல மனுஷன் என்று சொல்ல ஆள் வேண்டுமே. அவர்கள் கடைசி வாங்கில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தம்பியின் லோயர் அவனுடைய சம்பளத் துண்டைக் காட்டி, இவர் அரைநாள் கூலி, பாவப்பட்டவர் என்று சிங்களத்தில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். தம்பி அதற்கேற்ற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

எங்கள் லோயர் பிள்ளை நோட்டீஸ் மூன்றையும் நீட்டினாள். அவற்றின் முதுகில் என் வீட்டுச் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. நீதவான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். இவன் பக்கத்து லோயர் கெட்டிக்காரர், உடனே எழுந்தார். ஊரில் மரியாதைக்காகப் பேர் போடுவார்கள், காசு பலரும் சேர்த்தது என்றார். அதையே இவனும் சொல்லியிருந்தால் அன்றைக்குத் தப்பியிருப்பான். ஒரே ஒரு வார்த்தை. மகேஸ் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். 

நீதவான் கேட்க, மொழிபெயர்ப்பாளர் அவன் பக்கம் திரும்பினார். "இது உங்க சொந்தக் காசா, வேற ஆக்கள் குடுத்ததா?"

அவன் லோயரைப் பார்த்தான். லோயர் வேண்டாம் என்பது போல லேசாகத் தலையை ஆட்டினார். பிறகு கடைசி வாங்கைத் திரும்பிப் பார்த்தான். மூன்று வெள்ளை வேட்டியும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் கை சட்டைப் பைக்குச் சீப்பைத் தேடிப் போனது. அந்தச் சட்டையில் பையே இல்லை. செருமினான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"என் காசுதாங்க" என்றான். அதோடு நின்றிருக்கலாம். "அந்தக் கோயில் ஜெனரேட்டரும் நான்தாங்க. நோட்டீஸ்ல விட்டுப்போச்சு."

மொழிபெயர்ப்பாளர் ஜெனரேட்டரையும் சிங்களத்தில் சொன்னார். நீதவான் எழுதிக்கொண்டார். இவனுடைய லோயர் உட்கார்ந்து காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, சாப்பாடு, மருந்து என்று மகேஸ் சொன்னவற்றையும் கேட்டுவிட்டு, மாதா மாதம் இவ்வளவு கட்ட வேண்டும் என்று நீதவான் ஒரு தொகையைச் சொன்னார். அரைப்பேரால் கட்ட முடியாத தொகை. வெளியே வந்ததும் கமிட்டியார் அவன் தோளைத் தட்டி, ஜெனரேட்டர் விட்டுப்போனது தங்கள் பிழைதான் என்றார்கள். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

முதல் மாதம் கொண்டாட்டமாகக் கொடுத்தான். கோர்ட் விறாந்தையில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம் பார்த்து, தலை சீவி, செருமி, விசிறி விரித்து மகேஸின் கையில் வைத்தான். இரண்டாம் மாதமும் வந்தான், பார்க்க அவ்வளவு கூட்டமில்லை. மூன்றாம் மாதம் வரவில்லை, நாலாம் மாதமும் இல்லை. மகேஸ் மறுபடியும் அரிசி டின்னைப் பார்க்கத் தொடங்கினாள். நான் அவளை மறுபடியும் பதுளைக்குப் பஸ் ஏற்றினேன். லோயர் பிள்ளை கோர்ட்டில் சொன்னாள், வாரண்ட் போனது.

ஒரு காலை, பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கிற நேரம், கொழுந்துக் கூடைகளோடு நூறு பேர் நிற்க, போலீஸ்காரர் இரண்டு பேர் வந்து அவனைக் கூட்டிப்போனார்கள். ஊர் பார்க்க நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவனுக்கு அதுவும் ஊர் பார்க்கத்தான் நடந்தது. நிலுவையைக் கட்டாவிட்டால் மறியலில் அடைப்பேன் என்று நீதவான் சொன்னதும், மரக்கறிக்காரனிடம் முன்பணம் வாங்கி அன்றைக்கே கட்டினான். அதோடு விடவில்லை எங்கள் லோயர் பிள்ளை. இனி அவன் சம்பளத்திலேயே பிடித்து மகேஸின் பேங்க் புத்தகத்துக்கு அனுப்பும்படி தோட்ட ஆபீசுக்கு உத்தரவு வாங்கினாள். பிடிக்கச் சம்பளம் வேண்டுமே. குறைந்தால் மறுபடியும் வாரண்ட். அன்றிலிருந்து தினமும் முழுப்பேருக்கு மலையில் நின்றான். பகல் இரண்டு மணிக்கும் அவனை மலையில் பார்க்க முடிந்தது எங்கள் சனத்துக்குப் புதுமை.

குவைத்துக்கு என்று எடுத்த படத்தில் ஒன்றைக் கொடுத்துத்தான் மகேஸ் பேங்கில் கணக்குத் திறந்தாள். மீதி ஐந்தும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

உழைப்பதுகூட அவனுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. கொடுப்பதை ஒருவரும் பார்க்காததுதான் வலித்தது. கிளாக்கரிடம் போய், அந்தக் காசைத் தன் கையில் கொடுங்கள், தானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கெஞ்சியிருக்கிறான். அவர் உத்தரவைக் காட்டி அனுப்பிவிட்டார். பிறகு என்னிடம் வந்தான். வீட்டை விட்டுப் போன பிறகு என் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, மகேஸ்கிட்ட சொல்லு. மாசா மாசம் கோயில் வாசல்ல வச்சி நானே குடுத்திர்றேன். இப்பிடி ஆபீஸ்ல புடிச்சா, நான் குடுக்கிறதே யாருக்கும் தெரியலையே."

"பிள்ளைக்குத் தெரியும்டா" என்றேன்.

பிள்ளைக்குத் தெரிந்து என்ன என்பது போல என்னைப் பார்த்தான். நான் உள்ளே போய்விட்டேன். தேநீர்கூடக் கொடுக்கவில்லை.

லோயர் பிள்ளை ஒன்று சொல்லியிருந்தாள். பிள்ளை வளர வளரச் செலவு கூடும், தகப்பன் வசதியும் கூடியிருந்தால் தொகையைக் கூட்டித் தரும்படி திரும்பவும் கேட்கலாம், அடுத்த வருஷத்து நோட்டீஸையும் பத்திரமாக வையுங்கோ அம்மா என்று. நான் அதைப் பீலியடியில் நாலு பெண்களிடம் சொன்னேன், அவன் காதுக்குப் போகட்டும் என்றுதான்.

அந்த வருஷத்துத் திருவிழா நோட்டீஸ் வந்தது. மூன்றாம் நாள் பூசை வேறு யாரோ. தேர் வேறு யாரோ. கடைசியில் இப்படி அச்சடித்திருந்தது: பத்தாம் நாள் அன்னதானம், உபயம், ஒரு பக்தர்.

நான் அந்த வரியை மூன்று தடவை எழுத்துக் கூட்டினேன். பேரைப் போட வேண்டாம் என்று கமிட்டியாரின் கையைப் பிடித்துக்கொண்டானாம். ஒலிபெருக்கியிலும் சொல்லக்கூடாது என்றானாம். அவர்கள் அதை அடக்கம் என்று நினைத்து இன்னும் மெச்சினார்கள்.

பத்தாம் நாள் பந்தியில் மகேஸும் கௌசியும் நானும் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தோம். மைக்கில் ஒரு பக்தர், ஒரு பக்தர் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். அவன் சாம்பார் வாளியோடு வரிசையின் தலைப்பிலிருந்து வந்தான். ஒவ்வொரு இலைக்கும் குனிந்து, அகப்பையைச் சாய்த்து, காதருகில் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தான். கிட்ட வர வரக் கேட்டது.

"நான்தான் போட்டேன். பேரு வேணாம்னுட்டேன்."

அடுத்த இலை. "நான்தான். வெளிய சொல்லாதீங்க."

அடுத்த இலைக்கும் அதுவேதான். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரிடமும் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தான். வாய் மூடிக்கொண்டது. என் இலையில் ஊற்றினான். மகேஸின் இலையில் ஊற்றினான். அவள் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தாள். கௌசிக்கு அப்போது ஆறு வயது. மைக்கைக் காட்டிக் கேட்டாள்.

"அப்பா, அந்த ஒரு பக்தரு யாருப்பா?"

முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். இந்தப் பக்கம் இரண்டு பேர் கையை நிறுத்தினார்கள். அவன் ஆயுசு முழுக்கக் காத்திருந்த கேள்வி, சொந்தப் பிள்ளையின் வாயிலிருந்து, ஊர் பார்க்க. அவன் பார்வை பிள்ளையிடமிருந்து என் மடிக்கு வந்தது. மடியில் அந்த வருஷத்து நோட்டீஸை நாலாக மடித்து வைத்திருந்தேன்.

"தெரியலம்மா" என்றான்.

இலைக்கு வெளியே ஒரு சொட்டுப் போகாமல் ஊற்றிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான். கௌசி இன்னொரு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.